கியர்பாக்ஸை இறக்கணும்னாங்க, போனது ஒரு சின்ன சென்சார்

வேலூர்ல பழைய ஆட்டோமேட்டிக் கார் வச்சிருக்கிறவங்களுக்குப் பயன்படும்னு இந்த ஒர்க் ஷாப்பைப் பத்திக் கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

என் கார் 2009 மாடல் பெட்ரோல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். சத்துவாச்சாரியிலேர்ந்து தினம் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போறேன். கொஞ்ச காலமா ரெண்டாவது கியர்லேர்ந்து மூணுக்கு மாறும்போது பின்னாடி யாரோ இடிச்ச மாதிரி ஒரு உதறல். மேல்விஷாரம் நெரிசல்ல ஊர்ந்து போனா இன்னும் மோசம். கியர் மாறாம எஞ்சின் கத்திக்கிட்டே இருந்து, திடீர்னு மாறும். கிரீன் சர்க்கிள்ல நின்னா ஐடிலிங் தானா ஏறி இறங்கும். ஆனா ஹைவேல 80 தாண்டிட்டா ஒரு குறையும் தெரியாது.

முதல்ல காட்டின இடத்துல வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கலை. கியர்பாக்ஸை இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. கூட வேலை செய்றவர் சொல்லித்தான் இந்த ஒர்க் ஷாப்புக்கு வந்தேன்.

இங்கே இருக்கிற மெக்கானிக் பாய் என்னையே ஓட்டச் சொல்லிட்டு பக்கத்து சீட்ல உட்கார்ந்தார். "ஹைவேல நல்லா போவுதா மா? அப்போ பாக்ஸ் மேல எனக்கு சந்தேகம் கம்மிதான்"னார். திரும்பி வந்து ஸ்கேனர் போட்டா பி0121னு கோளாறு கோடு (code) வந்துச்சு. த்ரோட்டில் பொசிஷன் சென்சாரோடது, அதாவது எஞ்சினுக்குக் காத்து விடுற மூடி (த்ரோட்டில்) எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார். உடனே புதுசு வாங்கச் சொல்வார்னு நினைச்சேன். "ஒயர் போயிருந்தாலும் இந்தக் கோடு வரும் மா, இரு"ன்னுட்டு, ஒரு பழைய முள்ளு மீட்டரை எடுத்தார். டிஜிட்டல் மீட்டர்ல நம்பர் மாறுறதுக்குள்ள கோளாறு கடந்து போயிடுமாம்.

கனெக்டரைக் கழட்டாம பின்பக்கமா குண்டூசி சொருகிப் பார்த்தார். 5 வோல்ட் சரியா வருது, எர்த் சரி. சிக்னல் ஒயர்ல, த்ரோட்டில் மூடியிருக்கும்போது 0.5 வோல்ட் கிட்ட. அதைக் கையால மெதுவா திறந்தா முள் நிக்காம 4.5 வரை ஏறணும். என் வண்டியில 1.2 வந்ததும் பொத்துனு கீழ விழுந்து மறுபடி எழுந்துச்சு. திரும்பத் திரும்பத் திறந்து காட்டினார், விழுற இடம் மாறவே இல்லை. ஊருக்குள்ள ஓட்டும்போது கால் எப்பவும் அந்த அளவுலதான் நிக்கும், அதனால சென்சாருக்குள்ள இருக்கிற கார்பன் தடம் அங்கே மட்டும் தேய்ஞ்சிடுதுன்னார். ஹைவேல கால் அதைத் தாண்டி அழுத்துது, அதான் அங்கே தொல்லை இல்லை.

கியருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். கியரை எப்போ மாத்தணும், உள்ளே ஆயில் பிரஷர் எவ்வளவு வைக்கணும்னு வண்டியோட கம்ப்யூட்டர் இந்த சென்சாரைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுதாம். இது பொய் சொன்னா, மெல்ல மாத்த வேண்டிய இடத்துல முழு அழுத்தத்தோட மாத்திடும். இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. அதோட விடாம, எஞ்சின் சூடா ஓடும்போதே கியர் ஆயில் டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில துடைச்சுக் காட்டினார். சிவப்பா இருந்துச்சு, கருகின வாடை இல்லை. நாற்பதாயிரம்னு கேட்டதிலேர்ந்து இருந்த பயம் அந்தத் துணியைப் பார்த்ததும்தான் போச்சு.

சென்சார் சென்னையிலேர்ந்து மறுநாள் வந்துச்சு. த்ரோட்டில் பாடியையும் கழுவி, மீட்டரைப் பார்த்துக்கிட்டே சென்சாரோட ரெண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினார். சென்சார் 1,900, கூலி 700. கம்ப்யூட்டர் பழைய பழக்கத்தை விட கொஞ்ச நாள் ஆகும்னு சொன்ன மாதிரியே, முதல்ல லேசா இருந்த உதறல் அப்புறம் சுத்தமா நின்னுடுச்சு.

உட்கார நிழல் இல்லை, வெயில்ல நிக்கணும். போன் எடுக்க மாட்டார், நேர்லதான் போகணும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிடுவாங்க. செக் எஞ்சின் லைட் எரிஞ்சா வேற எங்கேயும் அந்தக் கோளாறு கோடை அழிக்காம அப்படியே கொண்டு போங்க. கோளாறு வந்த நேரத்துல ஸ்பீடு, ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) என்னன்னு அதோட பதிவாகியிருக்கும், பாய் முதல்ல கேட்கிறதே அதைத்தான்.