தொட்டி மிளகு: வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

கம்பத்திலிருந்து சித்தப்பா மகன் கேட்டிருக்கிறான்: "அண்ணே, மொட்டை மாடியில புதர் மிளகு வைக்கலாமா?" குமுளியில் எங்கள் வீட்டுப் பின்புறம் சில வருஷமாக நிற்கிற பன்னியூர்-1 தொட்டியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பன்னியூர்-1ஐ இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. கண்ணூர்ப் பக்கம் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த கலப்பின மிளகு. மணிகள் வரிசையாய்க் கோத்து நிற்கிற காம்பைத் திரி என்போம்; இதில் நீளத் திரி, பருத்த மணி. கொடியின் காய்க்கிற பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் அது ஏறாமல் புதராய் நிற்கும்.

'வருஷம் முழுக்கக் காய்க்கும்' என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான். என் எரிச்சலே அதுதான். தோட்டத்துக் கொடி ஜூன் மழைக்குப் பூத்து, ஜனவரிவாக்கில் மொத்தமாகப் பறிக்கக் கொடுக்கும். தொட்டியிலோ ஒரு திரி பழுத்திருக்கும், பக்கத்துத் திரி பிஞ்சாக இருக்கும், இன்னொன்று அப்போதுதான் பூத்திருக்கும். பழுத்ததைப் பறித்துக் கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்து முறத்தில் காயவைத்தால், காய்ந்த பிறகு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். முறம் பெரிசு, மிளகு ஒரு சிட்டிகை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு ரசம் வைக்கிறதா, திருஷ்டி கழிக்கிறதா?" என்று கேட்டார்.

அப்புறம், மணி பிடிக்கிற விஷயம். பூத்த திரியில் மழைத்துளி வழிந்தால்தான் மகரந்தம் நன்றாகப் பரவும். கூரைச் சரிவுக்கு உள்ளே வைத்த தொட்டிக்கு மழை எங்கே? திரி பொக்கை வாய் மாதிரி அங்கங்கே காலியாக வரும். காலையில் பூத்த திரிகள்மேல் ஸ்பிரேயரால் தண்ணீர் தூவ ஆரம்பித்த பிறகு பரவாயில்லை.

ஆனால் பச்சை மிளகு இருக்கிறதே! முற்றின பச்சைத் திரியை உருவி அம்மியில் ஒரு தட்டு தட்டினால், மாங்காய்த் தோலும் கற்பூரமும் கலந்தாற்போல் மணம் அடுப்படியைத் தாண்டி வரும். காரம் நாக்கில் உறைக்காது. கொஞ்சம் பொறுத்துத் தொண்டையில் ஏறும். நாட்டுக்கோழி வறுவலை இறக்குமுன் இதைத் தூவிப் பார்க்க வேண்டும். திரியோடு எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு ஊறவைத்தால் தயிர்சாதத்துக்கு வேறெதுவும் வேண்டாம். கடை மிளகில் இந்த மணத்துக்கு வழியே கிடையாது.

சொந்த வேரில் நின்ற இன்னொரு செடி போன ஜூலை அடைமழையில் போய்விட்டது. இலையில் கரும்புள்ளி, அப்புறம் உதிர்வு, பிறகு தண்டின் அடி அழுகல். வாடல் நோய். இப்போது இருப்பது, மிளகுக்கு உறவுச் செடியான பிரேசில் திப்பிலியின் வேரில் ஒட்டுக்கட்டினது. வாடலுக்கு அசராது, ஆனால் தண்ணீர் குடிப்பதில் மாடு தோற்கும். சித்திரை வெயிலில் ஒரு வேளை மறந்தாலும் இலை தொங்கிப்போகும்.

அதனால் தம்பி, வாங்காதே. கம்பத்து வெயிலில் நிழல்வலை கட்டி, காலை மாலை தண்ணீர் ஊற்றி, ஆற அமர ஒரு சிட்டிகை மிளகு எடுக்க உனக்குப் பொறுமை கிடையாது. கிலோக் கணக்கில் வேண்டுமென்றால் தை பிறந்ததும் மேலே வா, கல்யாண முருங்கையில் ஏறின கொடி மிளகு வாங்கித் தருகிறேன். என் தொட்டியை மட்டும் கேட்காதே.