துபாய் கோல்டன் விசா: சில வருடம் வைத்திருந்து பார்த்ததில்

2024 மே மாதம் ரஜினிகாந்துக்கு அபுதாபியில் கோல்டன் விசா கொடுத்த படம் வந்ததும் ஊரிலிருந்து ஆளாளுக்குக் கேட்டார்கள், "உன்கிட்ட இருக்கிறதும் அதுதானா?" என்று. அதேதான்: கம்பெனி தயவில்லாமல் நம் பெயரிலேயே அமீரகத்தில் (துபாய், அபுதாபி எல்லாம் சேர்ந்த நாடு) நீண்ட காலம் தங்க விடும் விசா. அவருக்கு அழைத்துக் கொடுத்தார்கள், நான் வரிசையில் நின்று வாங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம். சினிமாக்காரர்கள் கையில் பார்த்துப் பார்த்து இதை ஏதோ விருது மாதிரி நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவனுக்கு இது எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்று எழுதலாம் எனத் தோன்றியது.

நான் எடுத்தது 2022 கடைசியில். 2019-இல் இந்தத் திட்டம் வந்தபோது பெரிய முதலீட்டாளர்கள், விஞ்ஞானிகள், மருத்துவர்கள் என்று குறிப்பிட்ட சிலருக்குத்தான் கிடைத்தது. 2022 அக்டோபரில் விதிகளைத் தளர்த்தினார்கள். பட்டப்படிப்பு, மாதம் 30,000 திர்ஹாம் சம்பளம், தொழிலாளர் அமைச்சகத்தின் வகைப்பாட்டில் முதல் இரண்டு நிலைகளில் வரும் வேலை, இந்த மூன்றும் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சொத்து வழியாக வருவதென்றால் 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள வீடு வேண்டும். எனக்குக் கிடைத்தது பத்து வருடம்.

கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்வது அந்த 'வேலை' என்ற இடத்தில்தான். வளைகுடாவில் ஒருவர் பார்க்கும் வேலை ஒன்றாகவும், லேபர் கான்ட்ராக்டில் இருக்கும் பதவி வேறாகவும் இருப்பது சாதாரணம். இருபது வருடமாக இன்ஜினியர் வேலை பார்ப்பவருக்கு 'டெக்னீஷியன்' என்று போட்டிருப்பார்கள். அதை மாற்றாமல் அடுத்த அடி வைக்க முடியாது. சம்பளத்திலும் ஒரு முடிச்சு உண்டு. கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்பதால் அடிப்படையைக் குறைத்து, படிகளை ஏற்றிக் கொடுப்பது இங்கே கம்பெனிகளின் பழக்கம். இப்போது விண்ணப்பிப்பவர்களிடம் அடிப்படைச் சம்பளமே 30,000 இருக்க வேண்டும் என்கிறார்கள். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

பட்டச் சான்றிதழ் வேலை நீளமானது. மாநில அரசின் முத்திரை, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், இங்கே வந்தபின் இங்குள்ள வெளியுறவு அமைச்சகம், கடைசியாக, நான் எடுத்தபோது கல்வி அமைச்சகத்திடம், ஈக்விவலன்சி, அதாவது நம் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணை என்ற சான்று. இது முடிந்துவிட்டால் மீதியெல்லாம் வேகம்தான். மெடிக்கல் டெஸ்ட், கைரேகை, விசா விண்ணப்பங்களை வாங்கும் ஆமர் சென்டரில் கொஞ்சம் காத்திருப்பு. எமிரேட்ஸ் ஐடிக்கு நான் எடுத்தபோது வருடத்துக்கு 100 திர்ஹாம் கணக்கு, பத்து வருடத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதை அதே வருடம் ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். ஆக, பழைய ஆட்கள் இன்னும் 'பத்தாக்கா' என்று சொல்லும் அந்த அட்டைதான் எல்லாமே.

கம்பெனி விசாவிலிருந்து இதற்கு மாறும்போது எச்.ஆரிடம் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். மாறுவது நீங்கள் நாட்டில் தங்கும் உரிமை மட்டும்தான், வேலை ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது, கிராஜுவிட்டிக் கணக்கும் தொடர்கிறது. விசா கேன்சல் என்றதும் கணக்கை முடித்து, புது ஆளாகச் சேர்க்கப் பார்க்கும் இடங்கள் உண்டு. ஐந்து வருடம் தாண்டியவருக்கு வருடத்துக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம், புது ஆளுக்கு 21 நாள்தான். சம்மதிக்கக் கூடாது.

இதை வாங்கிய பிறகு முதல் ஒன்றரை வருடம் வாழ்க்கையில் ஒரு மாற்றமும் இல்லை. உண்மையாகச் சொல்கிறேன். துபாய் போலீஸ் கொடுக்கும் 'இஸாத்' தள்ளுபடி அட்டை வந்தது; ஓரிரு உணவகங்களில் காட்டியதோடு சரி. பள்ளிக் கட்டணம் குறையவில்லை, வீட்டு வாடகையும் குறையவில்லை.

அப்புறம் 2024-இல் கம்பெனி எங்கள் பிரிவையே மூடியது. விசா என்ன செய்யும் என்று அப்போதுதான் தெரிந்தது. வளைகுடாவில் வேலை போவதென்றால் சம்பளம் போவதோடு முடியாது. விசா கேன்சல், கையில் மிஞ்சும் சலுகைக் காலம், அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் பிள்ளைகளின் பள்ளியைப் பாதியில் நிறுத்தி, சாமான்களைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்புவது. கூட வேலை பார்த்தவர்கள் நாள்களை எண்ணிக்கொண்டு கிடைத்த வேலைக்கெல்லாம் தலையாட்டினார்கள். எனக்கு லேபர் கார்டு, அதாவது வேலை அனுமதி மட்டும்தான் கேன்சல் ஆனது. மனைவி, பிள்ளைகள் விசா என் பெயரில் அப்படியே இருந்தது. முதலில் வந்த அழைப்பில் சம்பளத்தை ரொம்பக் குறைத்துக் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. இந்த விசாவுக்கு நான் மதிப்பெண் போடுவதென்றால் முழுவதும் அந்த ஒரு 'வேண்டாம்' என்பதற்குத்தான்.

ஆனால் விசா சோறு போடாது. வாடகைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்த செக் தேதி வந்தால் வங்கிக்குப் போய்விடும். கம்பெனி இன்சூரன்ஸ் நின்றதும் குடும்பம் முழுவதற்கும் சொந்தக் காசில் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டியிருந்தது. துபாயில் அது கட்டாயம், தள்ளிப்போட வழியில்லை. கடன் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஃபைனல் செட்டில்மென்ட் கணக்கில் விழுந்ததுமே பணத்தைப் பிடித்துவைக்கும் வங்கிகள் உண்டு, உங்கள் விசா என்ன நிறம் என்று அவர்கள் பார்ப்பதில்லை. 2023 முதல் எல்லோரும் முனகிக்கொண்டே கட்டும் வேலையிழப்புக் காப்பீடு கொஞ்சம் தாங்கியது. அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மாதம் அதிகபட்சம் 20,000 திர்ஹாம், மூன்று மாதம் வரை. வேலை போன 30 நாளுக்குள் கேட்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

புது வேலையில் சேரும்போது கம்பெனிக்கு விசா செலவே இல்லை, ஒர்க் பெர்மிட் மட்டும்தான். அந்த மிச்சத்தைச் சம்பளத்தில் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கொடுக்கவில்லை, ஆனால் கேட்டதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொரு பெரிய வசதி, ஆறு மாதக் கெடு இல்லாதது. சாதாரண விசாவில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாமல் போய்விடும். அதற்காகவே டிக்கெட் போட்டு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் அந்தத் தொல்லை இல்லை. வேலை இல்லாத அந்த நாள்களில் அப்பாவின் இடுப்பு அறுவை சிகிச்சைக்காகத் திருச்சியில் நிம்மதியாக இருக்க முடிந்தது. ஆனால் இந்திய வருமான வரிக்கு இந்த விசா ஒரு பொருட்டே இல்லை. ஒரு நிதியாண்டில் 182 நாள் தொட்டால் இந்தியாவில் வசிப்பவர் என்றாகிவிடும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவருக்கு 120 நாளிலேயே சிக்கல் தொடங்கிவிடும். கோல்டன் விசா இருக்கிறதே, நான் என்.ஆர்.ஐ.தானே என்று நினைக்கும் ஆட்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. குடியுரிமைக்கும் இதற்கும்கூட எந்தச் சம்பந்தமும் கிடையாது. பத்து வருடம் முடிந்ததும் புதுப்பிக்கத் தகுதியைத் திரும்பவும் காட்ட வேண்டும். 2032-இல் எனக்கு அந்தச் சம்பளம் இருக்குமா என்பதை இப்போதைக்கு யோசிக்காமல் இருக்கிறேன்.

2025 ஜூலையில் ஒரு லட்சம் திர்ஹாம், அதாவது 23 லட்சம் ரூபாய் சொச்சம் கட்டினால் இந்தியர்களுக்கு ஆயுள் முழுக்கக் கோல்டன் விசா என்று ஒரு செய்தி பரவியது. அமீரகத்தின் குடியேற்ற ஆணையம் சில நாளிலேயே அதை மறுத்துவிட்டது. அரசாங்கத்தின் இணையதளத்தில் இல்லாத வகையை விற்க யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கோயம்புத்தூரில் தொழில் செய்யும் மச்சான் இப்போது வீடு வாங்கி இதை எடுக்கலாமா என்று கேட்கிறார். 20 லட்சம் திர்ஹாம் என்பது சுமார் 5.45 லட்சம் டாலர். இந்தியாவில் இருப்பவர் ஒரு நிதியாண்டில் வெளியே அனுப்பக்கூடியது 2.5 லட்சம் டாலர். அக்காவும் அவருமாகச் சேர்ந்து அனுப்பினாலும் ஒரே ஆண்டில் கொஞ்சம் குறையும். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் மீதி என்று பிரிக்க வேண்டும். அதில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தம் வேறு, ரிட்டர்ன் போட்டுத்தான் அதை மீட்க வேண்டும். வாடகை வருமானத்துக்காக வாங்குங்கள், விசா கூடவே வந்தால் வரட்டும் என்றேன். வருடத்துக்கு ஒரு வாரம் வந்து போகிறவருக்கு டூரிஸ்ட் விசாவே தாராளம்.