காதுகுத்து மொய்க்குக் கணக்குக் கேட்ட வங்கி

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எனக்குக் கமிஷன் கடை. விடியக்காலை மூட்டை இறங்கினால் எட்டு மணிக்குள் பாதிப் பணம் கைமாறிவிடும். எல்லாம் ரொக்கம். வீட்டுக்கடனுக்குப் போகும் முன் நிறைய விமர்சனங்களைப் படித்தேன். எல்லாமே மாதச் சம்பளக்காரர்கள் எழுதியவை. சம்பளச் சீட்டைக் கொடுத்தோம், ஆப்பில் முகத்தைக் காட்டினோம், மூன்று நாளில் கடன் வந்தது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஏழு வாரம் ஆனது. அதனால் ரொக்கத்தில் பிழைக்கிறவன் வீடு வாங்கப் போன கதையை நான் எழுதுகிறேன்.

வீடு விளாங்குடியில், இரண்டரை சென்ட், பழைய ஓட்டுத் திண்ணையோடு. விலை 52 லட்சம். வாங்குவது அம்மாவும் நானும். வங்கி தருவது 36 லட்சம், எங்கள் கையிலிருந்து 16 லட்சம், பத்திரச் செலவு தனி. கடன் கொடுத்தது ஒரு தனியார் வங்கி. இன்னும் பதினைந்து வருடம் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருப்பதால் பெயர் போடவில்லை.

முதலில் ஆப். எனக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பான் கார்டில் இனிஷியலுக்குப் பதில் அப்பாவின் முழுப்பெயர். ஆப்பைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு ஆள். தமிழ்நாட்டில் கடை நடத்துகிற வங்கிக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாமல் இருப்பது ஆச்சரியம்தான். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் அடுத்த பக்கம் திறந்தது.

அடுத்த பக்கத்தில் அம்மா மாட்டிக்கொண்டார். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னது ஆப். கழற்றினார். வட்டத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னது. வைத்தார். 'கண்ணைச் சிமிட்டவும்' என்று எழுத்து வந்தது, நான் வாசித்துச் சொன்னேன்.

"ஏய்யா, இந்த வயசுல யாரைப் பார்த்துக் கண்ணடிக்கச் சொல்லுது?"

சிரித்ததில் போன் ஆடி, முதல் முயற்சி போச்சு. இரண்டாவது தடவை நிஜமாகவே சிமிட்டினார், ஆப் ஏற்கவில்லை. மூன்றாவது தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் 24 மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. இது நடந்தது 2025 மே முதல் வாரம். அதற்குச் சில நாள் முன்னால், ஏப்ரல் 30 அன்று, உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கண்ணைச் சிமிட்ட முடியாமல் கேஒய்சியில், அதாவது வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்கும் இந்தச் சோதனையில், நிராகரிக்கப்படுவதாகப் போட்ட வழக்கு அது. சிமிட்டாமலும் உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்ய வேறு வழி வைக்கச் சொன்னது நீதிமன்றம். பேப்பரில் படித்த ஞாபகத்தில் கிளைக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பெண் அலுவலர் உடனே அம்மாவைச் சேரில் உட்காரவைத்து, அசல் ஆவணங்களை நேரில் பார்த்து, பதினைந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். இப்படி ஒரு வழி இருப்பதாக ஆப்பில் ஒரு வரிகூட இல்லை.

நடுவில் ஒரு கேள்வி வந்தது. நீங்கள் அரசியல் தொடர்புள்ள முக்கியப் புள்ளியா? என் மச்சினன் வார்டு அளவில் கட்சிப் பதவியில் இருக்கிறான், தேர்தல் நேரத்தில் அவன் படம் என்னுடைய கடை ஷட்டர் வரைக்கும் வரும். ஆமாம் என்று டிக் அடிக்கப் போனேன். நல்லவேளை கேட்டுக்கொண்டேன். நம் விதிகளின்படி அது வெளிநாட்டில் பெரிய பொறுப்பு வகித்தவர்களைத்தான் குறிக்குமாம். மச்சினனிடம் சொன்னேன், மூஞ்சி சுருங்கிவிட்டது.

இனி மெயின் விஷயம். எங்கள் 16 லட்சத்தில் 7,15,000 ஃபிக்ஸட் டெபாசிட். 4 லட்சம் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் எடுத்தது. பாஸ்புக் இருந்ததால் ஒரே நாளில் ஒப்புக்கொண்டார்கள். தெருவில் அக்கா நடத்தும் சீட்டில் எடுத்திருந்தால் கதை வேறு. மிச்சம் 4,85,000, மகளின் காதுகுத்தில் வந்த மொய். பிப்ரவரியில் விசேஷம், மார்ச்சில் இரண்டு தவணையாக வங்கியில் கட்டினேன். அந்த இரண்டு வரியை வட்டம் போட்டு, இந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு மெயில் வந்தது.

கேட்டதில் தப்பில்லை, கோபமும் வரவில்லை. 2002-இல் வந்த பணமோசடித் தடுப்புச் சட்டப்படி வங்கி கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு மாதத்தில் பத்து லட்சத்துக்கு மேல் ரொக்கம் புழங்கினால் டெல்லியிலுள்ள நிதி உளவுப் பிரிவுக்குத் தகவலே போகும். கறுப்பைப் பதுக்க வீடு மாதிரி வசதியான இடம் கிடையாது, அது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எரிச்சல் வந்தது அதற்குப் பிறகு. காதுகுத்து மொய் என்று பதில் எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் மொய் நோட்டு கிடையாது, லேப்டாப் வைத்து எழுதுகிற பையன்களை வாடகைக்குப் பிடிக்கிறோம். ஊர், பெயர், தொகை எல்லாம் ஏறி, கொடுத்தவர் கையில் அச்சடித்த ரசீது போகும். ஊர் வாரியாகப் பட்டியலும் கிடைக்கும். 38 பக்கம் ஸ்கேன் செய்து அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, பட்டியல் தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் கொடுங்கள் என்று பதில். உசிலம்பட்டி, செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை என்று ஊர் ஊராக 600 பேரை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால், இவர்கள் எல்லோரும் உங்களுக்கு என்ன உறவு என்று அடுத்த கேள்வி. கேட்டவர் வேறு ஆள். மூன்று பேர் மூன்று தடவை முதல் கேள்வியிலிருந்தே ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனேன். ஆடிட்டரை நான் பார்க்கவே இல்லை. அங்கே உதவியாளராக இருக்கும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண்தான் எல்லாம் பார்த்தார். பட்டியலை எடுத்து, பச்சைப் பேனாவும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயராக நான் உறவு சொல்ல வேண்டும்.

"தாய்மாமா?" பச்சை. "சித்தப்பா?" பச்சை. "வீட்டுக்காரம்மாவோட தம்பி?" பச்சை. "பெரியப்பா மகன்?" சிவப்பு.

"என்னம்மா, ஒரே வீட்டுல வளர்ந்தவன்."

"வளர்ந்திருக்கலாம்ணே. வருமான வரிச் சட்டத்துல அவர் சொந்தம் கிடையாது."

கூடப் பிறந்தவர்கள், மனைவியோடு பிறந்தவர்கள், அப்பா அம்மாவோடு பிறந்தவர்கள், நேர் வழியில் மேலேயும் கீழேயும் உள்ளவர்கள், இவர்களுடைய கணவன் மனைவிமார், இவர்கள்தான் சொந்தம். இவர்கள் கொடுத்ததற்கு வரி இல்லை. மற்றவர்கள் கொடுத்தது வருடத்தில் மொத்தமாக 50,000-ஐத் தாண்டிவிட்டால் முழுத் தொகையும் வருமானம். கல்யாணம் என்றால் கல்யாணம் செய்துகொள்கிறவருக்கு விலக்கு உண்டு. காதுகுத்துக்குக் கிடையாது. பச்சை 1,95,000, சிவப்பு 2,90,000. இந்த விதி எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மார்க்கெட்டில் கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மொய் என்பது வரவே இல்லையே, திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தானே, அப்படி எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, கடன்னு மட்டும் எழுதிக் கொடுத்திராதீங்க. ஒருத்தர்கிட்ட 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமாக் கடன் வாங்குனா, வாங்குன அளவுக்கே அபராதம் வரும். இதுல 25,000 எழுதுனவங்க நாலு பேர் இருக்காங்க."

ஊருக்குள் கடன், சட்டத்துக்கு அன்பளிப்பு. சரி, வரியைக் கட்டினேன். சிவப்புத் தொகையை வருமானமாகக் காட்டிய கணக்கு, வரி கட்டிய சலான், உறவு வாரியான பட்டியல், ஒரு பக்க விளக்கக் கடிதம், எல்லாம் ஒரே கோப்பாகப் போனது. வங்கியிலிருந்து அடுத்த கேள்வி வரவில்லை. ஆபீஸுக்குக் கொடுத்த ஃபீஸ் 6,000. இந்த வீட்டுக்காக நான் செய்த செலவில் கொஞ்சமும் வலிக்காத செலவு அதுதான்.

விற்றவர் ஓய்வுபெற்ற வாத்தியார், நல்ல மனிதர். புரோக்கர்தான் வேகமானவர். முதல் நாளே என் ஆதாரை வாட்ஸ்அப்பில் கேட்டார். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை இறக்கி அனுப்பினேன், முழுசா அனுப்புங்க என்று திட்டினார். 2020 கடைசியிலிருந்தே, வருடம் 20 லட்சமோ அதற்கு மேலோ வியாபாரம் பார்க்கிற ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகளும் பணமோசடிச் சட்டத்துக்குள் வருகிறார்கள், ஆளைச் சரிபார்ப்பது அவர்கள் கடமையும்கூட. அதை அவரே என் வாயிலிருந்துதான் முதல் தடவை கேட்டார்.

அவருடைய திட்டம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த திட்டம்தான். பத்திரத்தில் 34, கையில் 18. பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 18 லட்சத்தைக் கணக்கில் காட்டாவிட்டால் 1,62,000 மிச்சம் என்று ஆசை காட்டினார். 4,85,000-க்கு 38 பக்கம் கொடுத்தவன் 18 லட்சத்தை ரொக்கமாக எங்கே போய் எடுப்பது? அதுவும் போக, வங்கி பத்திரத் தொகையைப் பார்த்துத்தான் கடன் தரும். அப்புறம் அட்வான்ஸ் இரண்டு லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார். வீட்டு அட்வான்ஸுக்கும் அதே 20,000 கட்டுப்பாடுதான், அபராதம் அந்த ரொக்கத்தைக் கைநீட்டி வாங்குகிற விற்பவர் தலையில். இதை வாத்தியாரிடமே நேராகச் சொன்னேன். "அப்படியா தம்பி" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்த் தன் பாஸ்புக்கை எடுத்துவந்து கணக்கு எண்ணை அவரே வாசித்தார்.

இந்த ஏழு வாரமும் வங்கி என்னைத் தலைகீழாக உலுக்கியது. விற்கிறவரைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் சொன்னது தங்கச்சிதான். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர், விற்கிறவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், எங்களுக்கு 52,000. ஆனால் விற்கிறவரின் பான், ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து கிடந்தால் பிடிக்க வேண்டியது 20 சதவீதம், அதாவது 10,40,000. பிடிக்காமல் விட்டால், வீட்டை வாங்கியவனுக்குத்தான் நோட்டீஸ் வரும். வருமான வரித் தளத்தில் பான், ஆதார் இரண்டு எண்ணையும் போட்டால் இணைந்திருக்கிறதா என்று உடனே காட்டும். வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தோம். இணைக்கப்படவில்லை. மனிதர் வேர்த்துவிட்டார். ஆயிரம் ரூபாய் கட்டி இணைத்து, பான் உயிர்பெற்ற பிறகுதான் பத்திரத் தேதியே குறித்தோம். அந்த ஒரு சதவீதத்தைக் கட்ட அப்போதிருந்த படிவம் 26கியூபி, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஆளுக்கு 26,000. இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் ஒரே படிவத்தில் கட்டிவிடாதீர்கள்.

பதிவு நாளில் எல்லோருக்கும் அம்மாவின் விரலைப் பற்றித்தான் கவலை. நாற்பது வருடம் வாழைநாரில் பூக்கட்டிய விரல், கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இரண்டும் தேறவில்லை. ஊழியர் பொறுமையாகத் துணியில் துடைத்து, நார் படாத மோதிர விரலை வைக்கச் சொன்னார். பச்சை விளக்கு. அடுத்து நான். பத்து விரலும் சிவப்பு. ஆதாரை வைத்துப் பணம் திருடுகிறார்கள் என்று போன வருடம் பயந்துபோய், ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கை நானே பூட்டி வைத்திருந்தேன், மறந்தும் போய்விட்டேன். பின்னால் டோக்கனோடு நிற்கிறவர்கள் முறைக்க முறைக்க, வராண்டாவில் சிக்னல் தேடித் தற்காலிகமாகத் திறந்துகொண்டு ஓடிவந்தேன். பூட்டி வைத்திருக்கிறவர்கள் முதல் நாள் இரவே ஒரு தடவை திறந்து பழகிக்கொள்ளுங்கள்.

ஆப்புக்கு ஐந்தில் ஒன்றரை. கிளையில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அலுவலருக்கு நான்கரை. கணக்கு விவரம் கேட்டு மெயில் போட்ட பிரிவுக்கு இரண்டு, அதுவும் கேள்வி சரியான கேள்வி என்பதற்காக. ஆடிட்டர் ஆபீஸ் தங்கச்சிக்கு ஐந்து.

கடைசியாக, அந்த 38 பக்கத்தைத் திருப்பிக் கேட்டேன். தர மாட்டார்களாம். கணக்கு முடிந்த பிறகும் ஐந்து வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கடன் பதினைந்து வருடம், மேலே ஐந்து. கடை வைத்து நன்றாகச் சம்பாதிக்கிற என் பெரியப்பா மகன் காதுகுத்துக்கு 501 எழுதினான் என்பது 2045 வரைக்கும் அந்த வங்கியில் பத்திரமாக இருக்கும்.