அரசு டிவியும் தேர்தலும்: தூர்தர்ஷன், ரூபவாஹினி, பிபிசி

தேர்தல் வந்தால் அரசு டிவி மேல் விழும் புகார் எந்த நாட்டிலும் ஒன்றுதான்: "ஆளுங்கட்சிக்கு ஜால்ரா." புகாருக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

காகிதத்தில் தூர்தர்ஷன் ஏற்பாடு ரொம்பத் தெளிவு. 1998 மக்களவைத் தேர்தலில் இருந்து, அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் ஆகாசவாணியிலும் இலவச நேரம் உண்டு. அடிப்படை நேரம் சமம். அதற்குமேல், போன தேர்தலில் வாங்கிய வாக்கைப் பொறுத்துக் கூடுதல் நேரம். ஆனால் பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய பொதுச் செயலாளர் சீதாராம் யெச்சூரியின் ஆங்கில உரையில் 'கொடுங்கோல் சட்டங்கள்' என்று பொருள்படும் சொற்களை எடுக்கச் சொன்னார்கள். 'திவால்' என்பதைத் 'தோல்வி' என மாற்றச் சொன்னார்கள். அதன் இந்தி மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் சொல்லவில்லை என்றார் அவர். விதிப்படிதான் நடந்தது என்றது தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி. வேடிக்கை என்னவென்றால், 2014இல் காங்கிரஸ் ஆட்சியில் கிட்டத்தட்ட இதே புகாரைச் சொன்னது பாஜக. மோடியின் பேட்டியைத் தூர்தர்ஷன் வெட்டிவிட்டது என்று.

2024 ஏப்ரலில் தூர்தர்ஷனின் செய்திச் சேனலான டிடி நியூஸின் லோகோ சிவப்பிலிருந்து மாறியது. நிர்வாகம் ஆரஞ்சு என்றது, எதிர்க்கட்சிகள் காவி என்றன. கட்சித் தலைவர்களின் உரையை எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டார்களோ, லோகோவைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. நிமிடக் கணக்கு கச்சிதமாக இருந்தும் பேர் கெடுவது இப்படித்தான்.

இலங்கையில் சட்டம் இன்னும் கறார். 2001இல் வந்த 17ஆவது திருத்தப்படி, தேர்தல் வழிகாட்டுதலை மீறினால், அரசு டிவியான ரூபவாஹினிக்கும் இலங்கை வானொலிக்கும் மேல் பொறுப்பதிகாரி ஒருவரையே தேர்தல் நிர்வாகம் நியமிக்கலாம். 2010 ஜனாதிபதித் தேர்தலில் நியமித்தார்கள். அரசு ஊடகங்கள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் நியமனத்தையே திரும்பப் பெற்றார்கள். சரி, அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

பிபிசி கறாராகச் சொன்னால் அரசு டிவி இல்லை, உரிமக் கட்டணத்தில் ஓடும் பொது நிறுவனம். அதுவும் சறுக்கும். 2019 தேர்தலின்போது பிபிசி நிகழ்ச்சி ஒன்றில், உண்மை பேசுவது பற்றி அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனிடம் கேள்வி வந்தபோது அரங்கமே சிரித்தது. மறுநாள் செய்தியில் அந்தச் சிரிப்பைக் காணோம். கேள்வி கிளம்பியதும், தவறுதான் என்று பிபிசி ஒப்புக்கொண்டது. அதே தேர்தலில், அரசுக்குச் சொந்தமான சேனல் 4, விவாதத்துக்கு வராத ஜான்சனின் இடத்தில் உருகும் பனிக்கட்டி ஒன்றை வைத்தது. அவர் கட்சி, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காமிடம் புகாரோடு போனது. சில நாட்களிலேயே விதிமீறல் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

என்னைக் கேட்டால், நேரம் பிரிக்கத் தூர்தர்ஷன் முறை நல்லது. புகாரை விசாரிக்க, ஆஃப்காம் மாதிரி வெளியே ஓர் ஆள் வேண்டும். அதற்காக பிபிசியைத் தலையில் வைத்து ஆட வேண்டாம். அதன் தலைவர் நியமனத்தில் அரசின் கை இருக்கிறது. ஜான்சன் கடன் வாங்கிய விவகாரத்தில் தன் தொடர்பை முழுதாகச் சொல்லாத தலைவர் ரிச்சர்ட் ஷார்ப் 2023 ஏப்ரலில் விலக நேர்ந்தது. அந்தச் செய்தியை பிபிசியிலேயே பார்க்க முடிந்தது. யெச்சூரி உரையின் கதை நமக்குத் தெரிந்தது பத்திரிகைகளில் இருந்து.