பிளிஸ்டர், ஜன்னல் பெட்டி, மூடிய அட்டை, ட்ரே பெட்டி: சேகரிப்பாளருக்கு எது தோது?

ஹாட் வீல்ஸ் காரைப் பிரித்துவிட்டால் அந்த அட்டை அதோடு போச்சு. ஜப்பானிய வரிசையான எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸின் ஃபிகரை (கை கால் அசையும் உருவப் பொம்மையை) பத்துத் தடவை வெளியே எடுத்தாலும் பெட்டி கடையில் இருந்த மாதிரியே மூடிக்கொள்ளும். விலை கூடினால்தான் நல்ல பெட்டி கிடைக்கும் என்று இதை வைத்து நினைத்துவிட வேண்டாம். டோமிகா காரின் சின்னக் காகிதப் பெட்டியைவிட எளிமையான பொதி கிடையாது. அதைத் திறந்து மூடுவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

எந்தப் பொதியையும் நான்கு கேள்விகளால் எடைபோடலாம். வாங்கும் முன் பொம்மையைப் பார்க்க முடிகிறதா? கிழிக்காமல் திறக்க வருகிறதா? எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்க முடிகிறதா? கூரியரையும் பல வருடம் அலமாரியில் இருப்பதையும் தாங்குகிறதா? நான்கிலும் தேறும் பொதி அபூர்வம்.

பிளிஸ்டர் அட்டை

அட்டையில் பொம்மையை வைத்து, அதன்மேல் தெளிந்த பிளாஸ்டிக் குமிழை (பபிள்) ஒட்டிய பொதி இது. 1968-இல் வந்த ஹாட் வீல்ஸ், 1978-இல் கடைக்கு வந்த கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் ஃபிகர்கள் எல்லாம் இந்த வகைதான். அட்டையின் முன்பக்கத்தில் அச்சுக்கு மேல், சூட்டில் இளகும் பூச்சு ஒன்று இருக்கும். பபிளின் விளிம்பை அதன்மேல் வைத்துச் சூடாக அழுத்தி ஒட்டுகிறார்கள். ஒட்டு சரியாகப் பிடித்திருந்தால், பிரிக்கும்போது பூச்சு விடாது. காகித இழைதான் கிழியும். கடையில் யாரும் பொம்மையை உருவிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். ஆகவே படத்தோடு சேர்ந்து கிழிவது தயாரிப்புக் குறையல்ல, அமைப்பே அப்படி.

பார்க்க முடிகிறதா என்ற கேள்வியில் இதை மிஞ்ச ஆளில்லை. பெயின்ட் பிசிறு, சக்கரம் கோணல், கண் இடம் மாறி அச்சாகியிருப்பது எல்லாம் கொக்கியில் தொங்கும்போதே தெரிந்துவிடும். மற்ற மூன்றிலும் தோல்விதான். முதலில் அடிபடுவது கொக்கி மாட்டும் துளையும் நான்கு மூலைகளும். அடுத்தது பபிளின் முன்முகம்: பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நசுங்கி வெள்ளைக் கோடு விழும், அந்தக் கோடு பிறகு போகாது. மூன்றாவது, அட்டை வளைவது. முன்பக்கம் பூச்சு, பின்பக்கம் வெறும் காகிதம் என்பதால் இரண்டும் ஈரத்தை ஒரே அளவில் இழுப்பதில்லை. கடற்கரை ஊர்களில் அட்டை வில்லாக வளைந்து, பபிளின் கீழ் ஓரம் தானாகவே விடத் தொடங்குவது இதனால்தான். பழைய பபிள்கள் மஞ்சளாவது தனிக் கதை. வெயில் பட்டால் வேகமாக மஞ்சளாகும்; இருட்டில் வைத்தால் தாமதமாகுமே தவிர நிற்காது.

இந்தப் பொதிக்குச் சந்தை தரும் இடத்தைப் பார்த்தால் ஏன் இவ்வளவு கவலை என்பது புரியும். பழைய ஃபிகர்களைத் தரம் பிரித்து அக்ரிலிக் கூட்டில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனமான ஏஎஃப்ஏ, அட்டை, பபிள், ஃபிகர் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் போடுகிறது. பொம்மைக்கு ஒரு மதிப்பெண் என்றால் பொதிக்கு இரண்டு.

காரும் வேண்டும், அட்டைப் படமும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அட்டையை முகம் மேலே தெரிய மேசையில் வையுங்கள். கட்டரில் புது பிளேடு போடுங்கள். ஒட்டிய விளிம்பைத் தொடாதீர்கள். பபிளின் சுவரில், அட்டையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே, கீழ்ப்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் மட்டும் வெட்டுங்கள். மேல்பக்கம் கீல் போல நிற்கும். மெல்லத் தூக்கிக் காரை எடுத்துவிட்டுப் பபிளைத் திரும்பச் சாத்தினால், இரண்டடி தூரத்தில் வெட்டு தெரியாது. ஒரே இழுப்பில் வெட்ட நினைத்தால் பிளேடு சறுக்கிக் காரின் பெயின்டில் கோடு போடும். மெதுவாக மூன்று நான்கு முறை இழுப்பது நல்லது. ஹேர் டிரையரால் அட்டையின் பின்பக்கம் சூடாக்கி ஒட்டை இளக்குகிறவர்களும் உண்டு. சில அட்டைகளில் சுத்தமாக விட்டுவிடும். சிலவற்றில் ஒட்டு இளகுவதற்குள் பபிள் சுருங்கிவிடும். எது எப்படிப் போகும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததால், விலை உயர்ந்த காரில் இதைச் சோதிக்க வேண்டாம்.

பிரித்து ஒட்டுவது இவ்வளவு எளிது என்றால் ஏமாற்றுவதும் எளிதுதான். ஹாட் வீல்ஸில் அரிதாகக் கிடைக்கும் சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் காரை எடுத்துவிட்டுச் சாதாரணக் காரை வைப்பதும், அதன் மறுபக்கமாகச் சாதாரண அட்டையில் சூப்பரை ஒட்டி விற்பதும் நடக்கிறது. அண்மைக்கால சூப்பர்களில் காருக்குப் பின்னால் அட்டையிலேயே பொன்னிற வட்டத்தில் சுடர்ச் சின்னம் அச்சாகியிருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். பிறகு விளிம்பை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஆலையில் ஒட்டியது நான்கு பக்கமும் ஒரே அகலத்தில், ஒரே மினுமினுப்பில் இருக்கும். கையால் ஒட்டியதில் பசை தேங்கிய திட்டுகள் தெரியும்; சூப்பர் குளூ போட்டிருந்தால் அதன் ஆவி பிளாஸ்டிக்கின் உள்பக்கம் பனி படர்ந்தாற்போல் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

ஜன்னல் பெட்டி

முன்பக்கம் தெளிந்த பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டிய அட்டைப் பெட்டி இது. பார்பி, ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் மார்வெல் லெஜண்ட்ஸ், பிளாக் சீரிஸ் (ஸ்டார் வார்ஸ் ஃபிகர்கள்), டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெரும்பாலான பொம்மைகள் நீண்ட காலம் வந்தது இதில்தான். பெட்டியைத் திறப்பது சுலபம்: மடிப்பின் இடுக்கில் பிளேடு நுனியை விட்டு டேப்பை அறுத்தால் போதும். டேப்பைப் பிய்த்து எடுத்தால் அச்சும் உரிந்துகொண்டு வரும்.

சோதனை உள்ளேதான் தொடங்குகிறது. பொம்மையைப் பின்னட்டையோடு கட்டி வைத்திருக்கும் ட்விஸ்ட் டைகள் (முறுக்கிக் கட்டும் இழைகள்), துணியில் குத்திய டி வடிவப் பிளாஸ்டிக் ஊசிகள், ஆயுதத்தைக் கையோடு பிடிக்கும் ரப்பர் வளையங்கள். ட்ரேயை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கத்திலிருந்துதான் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து கத்தரியை விட்டால் முதலில் மாட்டுவது விரல் அல்லது தலைமுடி. கம்பி வைத்த டைகளை இழுக்காமல் முறுக்கைப் பிரியுங்கள்; கம்பியின் வெட்டுமுனை உரசினால் பெயின்ட் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் ஹாஸ்ப்ரோவைப் பாராட்ட வேண்டும், பல வருடங்களுக்கு முன்பே கம்பிக்குப் பதிலாகக் காகித முறுக்குக்கு மாறியது.

பார்பியில் இன்னும் ஒரு சங்கடம். தலை அசையாமலிருக்க டி ஊசிகளை மண்டைக்குள்ளேயே செலுத்தியிருப்பார்கள். தலையைப் பிடித்து இழுத்தால் வினைல் கிழியும், கழுத்துக் கொக்கி உடையும். பின்னட்டைக்கும் தலைக்கும் நடுவில் தட்டையான நிப்பரை நுழைத்து, மண்டையை ஒட்டி வெட்டுங்கள். உள்ளே மிஞ்சும் துண்டு தலைக்குள் விழுந்து கிடக்கும், அதனால் கெடுதல் இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இழுக்க வேண்டாம். மறுபடி ஒட்ட வெட்டினால் முடி மறைத்துவிடும்.

பெட்டியைத் திறக்காமல் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ரப்பர் வளையம். காலப்போக்கில் அது இளகிப் பொம்மையின் மேல் பழுப்புக் கறையாக ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. திறக்காத பெட்டி என்றால் உள்ளே எல்லாம் புதிதாக இருக்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. பெட்டியின் பலவீனம் ஜன்னல் ஃபிலிம். சூடான அறையில் பசை காய்ந்து ஃபிலிம் ஒரு மூலையில் விட்டுவிடும். பிறகு அட்டையை வளைக்காமல் அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

திரும்ப வைக்க முடியுமா? முடியும், ஆனால் டைகள் போன பிறகு ஃபிகர் ட்ரேக்குள் ஆடும். குழியில் இறுக்கமாக உட்காரும் மார்வெல் லெஜண்ட்ஸுக்குப் பரவாயில்லை. பார்பிக்குச் சரிவராது.

மூடிய அட்டைப் பெட்டி

புதிய பொதிகளிலிருந்து பிளாஸ்டிக்கை நீக்கப் போவதாக ஹாஸ்ப்ரோ 2019 ஆகஸ்டில் அறிவித்தது. 2022-இல் மார்வெல் லெஜண்ட்ஸும் பிளாக் சீரிஸும் ஜன்னலே இல்லாத பெட்டியில் வந்தன. நோக்கம் நல்லது, அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஃபிகர்களின் முகம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும். மூன்று பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக் கண் நேராக அச்சான ஒன்றை எடுப்பது சேகரிப்பாளர்களின் வழக்கம். அது நின்றுபோனது. அதைவிட மோசமாக, புது ஃபிகரை எடுத்துவிட்டு வேறொன்றை உள்ளே வைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் மோசடிக்கு வழி திறந்தது. கடைக்காரரும் பார்க்க முடியாது, அடுத்து வாங்குபவரும் பார்க்க முடியாது. 2023-இல் ஹாஸ்ப்ரோ ஜன்னலைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்ல, 2024 முதல் ஜன்னல் பெட்டிகள் மறுபடி வந்தன.

இந்தச் சர்ச்சையில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. 1970 முதல் வரும் டோமிகா கார்களின் பெட்டியிலும் ஜன்னல் கிடையாது. அங்கே ஏன் இந்தப் புலம்பல் எழவில்லை? டோமிகா பெட்டியின் மடல் செருகி மூடும் வகை, ஒட்டியதல்ல. திறந்து பார்க்கலாம், திரும்ப மூடலாம், ஒரு கீறலும் விழாது. ஹாஸ்ப்ரோ பெட்டியோ டேப் போட்டு முத்திரையிட்டது. பார்க்க வேண்டுமென்றால் முத்திரையை உடைக்க வேண்டும், உடைத்தால் புதுப் பெட்டி என்ற மதிப்பு போய்விடும். ஜன்னல் இல்லாததும் முத்திரையும் சேர்ந்ததுதான் கோளாறு. இரண்டில் ஏதாவது ஒன்றை விட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். மேட்ச்பாக்ஸ் பவர் கிராப்ஸ் கார்களின் பெட்டிக்கும் இதே குறை: உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள அட்டையைக் கிழிக்க வேண்டும்.

லெகோவுக்கு வேறு கணக்கு. உள்ளே இருப்பது துண்டுகள், முன்கூட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஏதுமில்லை. ஆனால் கட்டைவிரலால் அமுக்கித் திறக்கச் சொல்லும் பெட்டிகளில், அமுக்கினால் பக்கவாட்டு அட்டை துளைக்கோட்டில் கிழிந்துவிடும். பெட்டியை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அங்கே கை வைக்க வேண்டாம். பக்க மடலின் பசைப் புள்ளிகள் மேல் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் அரை நிமிடம் காட்டி, மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைப் படுக்கையாக நுழைத்துத் தள்ளினால் மடல் முழுசாக வரும். இரண்டு பக்கமும் அப்படித் திறந்தால் பெட்டியைத் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கிவிடலாம்.

ட்ரே பெட்டி

ஜப்பானிய ஃபிகர் வரிசைகளில் நெண்டராய்டு 2006-இல் வந்தது, ஃபிக்மாவும் எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸும் 2008-இல். இவற்றை வடிவமைத்தவர்கள், வாங்குபவர் ஃபிகரை அடிக்கடி வெளியே எடுப்பார் என்று நினைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். ஜன்னல் உண்டு, டை கிடையாது. ஃபிகரின் உருவத்துக்கு ஏற்பக் குழித்த ட்ரே கீழே, அதேபோல் மூடி மேலே. மாற்று முகங்கள், கைகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குழி. நான்கு கேள்விகளில் மூன்றுக்கு இதுவே முழு மதிப்பெண் வாங்கும். இந்த ஒப்பீட்டில் எங்கள் தேர்வும் இதுதான்.

முதன்முறை திறந்ததும், ட்ரேயை வெளியே எடுக்கும் முன் ஃபோட்டோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கை எந்தக் குழி என்பது ஒரு மாதத்தில் மறந்துபோகும். இடுப்பிலும் முடிக்கு அடியிலும் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். அடர் நிறப் பாகம் வெளிர் நிறப் பாகத்தில் சாயம் விடாமல் தடுப்பது அவைதான்.

குறை ஆயுளில் இருக்கிறது. மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கில் கலந்த இளக்கிப் பொருள் மெல்ல மெல்ல வெளியே கசியும். காற்றோட்டமில்லாத ட்ரேக்குள் அது ஃபிகரின் மேலேயே தங்கிப் பிசுபிசுப்பாகும், தூசியை இழுக்கும். வெயில் ஊரில் இது சீக்கிரமே தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். பிசுபிசுத்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ஆல்கஹால் தொட்டால் பெயின்ட் கரையும்.

பெரிய தலை வைத்த ஃபங்கோ பாப் பொம்மைகளின் பெட்டி இதன் எளிய உறவுக்காரன்: டை இல்லை, ட்ரே உண்டு, மேலும் கீழும் செருகு மடல். கீழ் மடல் வழியாகத் திறந்தால் மேல் மடிப்பின் கூர்மை கெடாது. ஆனால் அட்டை மெலிது, விரலழுத்தத்துக்கே குழியும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் புரொடெக்டர் இல்லாமல் அடுக்கக் கூடாது.

ஸ்டிக்கர், கூரியர்

இந்தியாவில் வாங்குபவர்களுக்கு எல்லா வகைப் பொதியிலும் பொதுவான தொல்லை, இறக்குமதியாளர் விவரமும் எம்ஆர்பியும் அச்சிட்ட ஸ்டிக்கர். சட்டப்படி அது இருந்தாக வேண்டும்; படத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மினுமினுப்பான அட்டையில் ஹேர் டிரையரால் இருபது முப்பது விநாடி இளஞ்சூடு காட்டி, ஸ்டிக்கரை அதன்மேலேயே மடித்தபடி, அட்டையோடு படுக்கையாக மெல்ல இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் அச்சு உரியும். மிச்சப் பசையை லைட்டர் பெட்ரோல் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுக்கலாம், முதலில் பின்பக்க ஓரத்தில் சோதித்துவிட்டு. பூச்சில்லாத மேட் அட்டையில் முயலவே வேண்டாம், எண்ணெய்க் கறை மாதிரி நின்றுவிடும்.

கூரியரில் அனுப்பும்போது பிளிஸ்டர் அட்டையை, அதைவிட நான்கு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் பெரிய இரு நெளியட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். பபிளைச் சுற்றி, அதன் உயரத்துக்குச் சட்டம்போல் நெளியட்டைத் துண்டுகளை வைத்தால் அழுத்தம் பபிளில் இறங்காது. ஜன்னல் பெட்டிக்கும் ட்ரே பெட்டிக்கும் வெளிப்பெட்டியில் எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிரப்புங்கள். பபிள் ரேப்பின் குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் வெயிலில் கிடக்கும் லாரியில் குமிழ் வட்டங்கள் ஜன்னல் ஃபிலிமில் பதிந்துவிடும். டேப் எங்கேயும் பொம்மைப் பெட்டியைத் தொடக் கூடாது. ஆன்லைனில் வாங்கும்போது, வெளிப்பெட்டி போட்டு அனுப்புவீர்களா என்று விற்பவரிடம் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொம்மைப் பெட்டியின் மேலேயே முகவரித் தாளை ஒட்டி அனுப்பும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.