கரிசல் மண்ல வீடு கட்ட எடுத்த சாயில் டெஸ்ட், என்னோட ரிவ்யூ

கோவில்பட்டி பக்கம் வீட்டுக்கு மண் டெஸ்ட் எடுத்தோம், கம்பெனி பேர் வேணாம். வேலைய சைட்ல பக்காவா பண்ணாங்க, அத சொல்லியே ஆகணும். 63.5 கிலோ சுத்தியல 75 செ.மீ உயரத்துல இருந்து விட்டு குழாய இறக்குறாங்க, மொத்தம் 45 செ.மீ, அதுல முதல் 15 செ.மீக்கு விழுற அடிய கணக்குல சேக்க மாட்டாங்க ஏன்னா அது துளை போடும்போது கலைஞ்ச மண்ணு, மிச்ச 30 செ.மீக்கு எத்தனை அடியோ அதான் 'N' வேல்யூ, அதாவது மண்ணு எவ்ளோ கெட்டின்னு காட்டுற நம்பர். ஒரு பையன் ராடுல சாக்பீஸ் கோடு போட்டு சத்தமா எண்ணிட்டே இருந்தான், சூப்பர்ப்பா.

லேப்ல அதே மண்ண 10 கிராம் தண்ணியிலயும் 10 கிராம் மண்ணெண்ணெயிலயும் போட்டு ஒருநாள் வச்சு எவ்ளோ உப்புதுன்னு பாத்தாங்க. நம்ம கரிசல் தண்ணிய குடிச்சா ஊதும், கோடையில வெடிக்கும், சும்மா ஃபுட்டிங் போட்டா சுவர் கிராக் விடத்தான் செய்யும். அதனால அடியில குடை மாதிரி விரிஞ்ச அண்டர்ரீம்டு பைல் (மண்ணுக்குள்ள இறக்குற கான்கிரீட் தூணு), குறைஞ்சது 3.5 மீட்டர் ஆழம்னு குடுத்தாங்க, எங்க கொத்தனாருக்கு இது சுத்தமா புடிக்கல அது வேற கதை.

கடுப்பு எதுலன்னா ரிப்போர்ட்டுல, பாதி பக்கம் எங்கயோ இருந்து காப்பி பேஸ்ட், நிலத்தடி நீர்மட்டத்தையே விட்டுட்டாங்க, போன் போட்டு கேட்டப்புறம்தான் சேத்து அனுப்புனாங்க. ஃபீல்டு வேலைக்கு 5, ரிப்போர்ட்டுக்கு 2 ஸ்டார்.