பெரிய இல்லம், தாமான் வீடு, பகல் மையம்: தோட்டத்து முதியவர்களுக்குப் பொழுது எங்கே நல்லபடியாகப் போகிறது?

முதியோருக்குப் பராமரிப்பு இல்லம் தேடும் குடும்பங்கள், மாதக் கட்டணம் எவ்வளவு, ஓர் அறையில் எத்தனை கட்டில், இரவில் தாதி இருப்பாரா என்ற மூன்றையும் தவறாமல் கேட்டுக்கொள்கின்றன. காலையில் பசியாறியதற்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையே கிடக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த மனிதர் யாரோடு இருப்பார், என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்பவர்கள் குறைவு. என் அத்தைக்கு இடம் தேடத் தொடங்கியபோது, முதலில் பார்த்த இரண்டு இல்லங்களில் நானும் அதைக் கேட்கவில்லை. மூன்றாவது இடத்தில் அத்தையே கேட்டுவிட்டார்: “இங்க எனக்கு என்ன வேல தம்பி?”

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. இன்று எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருப்பவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் பிறந்து, அங்கேயே வேலைக்குப் போனவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக, அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, பெற்ற பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு இவர்களுக்கு மிஞ்சியிருப்பது நேரம் மட்டுமே. விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் பேர் கொடுத்து, நெற்றி விளக்கோடு மர நிரைக்குப் போய், வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, அதாவது பால் வடியப் பட்டையைச் சீவி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, மாலையில் மாரியம்மன் கோயில் திடலில் கூடிப் பேசிய வாழ்க்கை அது. வேலையும் கூட்டமும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன; ‘சமூக நடவடிக்கை’ என்று தனியாக ஒன்றை எவரும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நான் ஒப்பிட்ட மூன்று வழிகளையும் இரண்டே அளவுகோல்களால் அளந்தேன். அங்கே இருக்கும் முதியவரின் கையை எதிர்பார்த்து ஏதேனும் ஒரு வேலை காத்திருக்கிறதா என்பது ஒன்று. வெளியூர் முகங்கள் உள்ளே வருவதும், உள்ளே இருப்பவர் வெளியே போவதும் திருவிழா நாள்களுக்கு அப்பாலும் நடக்கிறதா என்பது மற்றொன்று. சமூகநலத் துறை நடத்தும் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. எங்களுக்கு அருகில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று இருக்கிறது என்றாலும், அவை பார்த்துக்கொள்ள உறவினர் இல்லாத, அறுபது வயதைக் கடந்த ஆதரவற்றோருக்கானவை. அத்தைக்குப் பிள்ளை இல்லையே தவிர நாங்கள் இருக்கிறோம்.

முதலாவது, அறுபது எழுபது பேர் தங்கும் பெரிய தனியார் இல்லம். வாசலைத் தாண்டியதும் சுவரில் வாரத்தின் ஏழு நாள்களுக்கும் நிறம் பிரித்து எழுதிய அட்டவணை தெரியும்: திங்கள் நாற்காலி உடற்பயிற்சி, செவ்வாய் பாட்டு, புதன் பலூன் விளையாட்டு, வியாழன் வண்ணம் தீட்டுதல். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நடையிற் பிடிமானம் இழந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வாரந்தோறும் வருகிறார். கைப்பிடியுள்ள அகலமான நடைபாதை இருக்கிறது. சக்கர நாற்காலி போகாத மூலை இல்லை. மறதி நோய் முற்றியவருக்கு, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஒரே காரியம் நடப்பதே பெரும் நிம்மதி. அப்படிப்பட்டவருக்கு இடம் தேடும் குடும்பத்திடம் நான் தயங்காமல் இத்தகைய இல்லத்தையே சொல்வேன்.

ஆனால் அத்தையோடு அங்கே போன புதன்கிழமை பிற்பகலை என்னால் மறக்க முடியவில்லை. பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, இளம் பணிப்பெண் ஒருவர் மலாயில் எண்ணிக்கொண்டே மஞ்சள் பலூன் ஒன்றைத் தட்டிவிட்டார். அது அத்தையின் மடியில் வந்து விழுந்தது. அத்தை அதைத் திருப்பித் தட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, மேலும் கீழும் பார்த்து, சேலைத் தலைப்பால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்து, பக்கத்து நாற்காலியில் பத்திரமாக வைத்தார். முப்பது ஆண்டுக்கும் மேலாக மரத்தின் கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி எடுத்த கை அது. தோள்மூட்டுக்கு அந்த விளையாட்டு நல்லது என்பது எனக்குத் தெரியும். யாரேனும் ஒருவர் அதைத் தமிழில் சொல்லியிருந்தால் அத்தையும் ஆடியிருக்கக்கூடும்.

மொழிதான் இங்கே பெரிய தடை. பணியாளர்களில் பலர் வெளிநாட்டவர். நடவடிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. தோட்டத்துப் பாட்டிகளுக்குப் பாசார் மலாய் வரும் என்றாலும், கடையில் பேரம் பேசப் போதுமான அந்த மலாய் ஒரு புதிரை விடுவிக்கப் போதாது. இதோடு காது மந்தமும் சேர்ந்துவிட்டால் கூட்டத்தின் நடுவிலேயே ஒருவர் தனித்துவிடுகிறார். லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றில் தவிர்க்கக்கூடியவை என்று 2024-ல் பட்டியலிட்ட 14 காரணிகளில் கேட்கும் திறன் இழப்பும் இருக்கிறது, சமூகத் தனிமையும் இருக்கிறது. அட்டவணையைப் பெருமையோடு காட்டும் இல்லத்தில், காது கேட்காதவரை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், மீதியை ஊகித்துவிடலாம்.

வெளியார் வருகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதத்தில் பெரிய இல்லங்களுக்கு வரும் கூட்டத்துக்கு அளவில்லை. நிறுவனங்கள், பள்ளிகள், அரசியல் பிரமுகர்கள், இளைஞர் மன்றங்கள் என்று ஒரே வாரத்தில் நான்கு பகல் விருந்து நடக்கிறது. அன்பளிப்புக் கூடையைப் பிடித்துக்கொண்டு முதியவர்கள் புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். வருபவர்களின் மனத்தில் குறை இல்லை. ஆனால் தைப்பூசம் முடிந்த பிறகு மாதக்கணக்கில் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று அங்கே இருந்த தாத்தா ஒருவர் என்னிடம் சொன்னார். வருடத்துக்கு ஒருமுறை நூறு பேர் வருவதைவிட, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அதே ஒருவர் வந்து, போன தடவை விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வது முதியவருக்கு எவ்வளவோ மேல்.

இரண்டாவது, தாமானில் ஒரு முனை வீட்டை எடுத்து ஒன்பது பத்துப் பேரோடு நடத்தப்படும் சிறிய இல்லம். 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வைத்துப் பராமரிக்கும் இடம் சமூகநலத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டத் தயங்கும் வீட்டிலிருந்து, அங்கே சாம்பார் எவ்வளவு மணத்தாலும், திரும்பிவிடுவதே சரி. தீயணைப்புத் துறையும் நகராண்மைக் கழகமும் பார்த்து ஒப்புதல் தந்த வீடுதானா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நாங்கள் பார்த்த வீட்டில் அட்டவணை என்று எதுவும் இல்லை. முன்கூடத்தில் தொலைக்காட்சி காலை முதல் ஓடிக்கொண்டிருந்தது; அதைப் பார்த்ததும் எனக்கு மனம் சலித்தது. பின்பக்கம் போன பிறகுதான் வீட்டின் நடமாட்டம் பிடிபட்டது. சமையற்கட்டுக்கு வெளியே, ஓடு வேய்ந்த தாழ்வாரத்தில், வீட்டை நடத்தும் அம்மாள் முளைக்கீரைக் கட்டுகளைத் தட்டில் கொட்டியிருந்தார். இரண்டு பாட்டிகள் வேர் கிள்ளி, பழுத்த இலை ஒதுக்கி, தண்டைத் தனியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டே பாசார் மலாயில் அவர்களிடம் ஏதோ புகார் சொல்ல, அவர்களும் அதே மலாயில் சமாதானம் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் பூச்சரம் இங்கிருந்துதான் போகிறது என்றார் அந்த அம்மாள். சாமந்தியும் மல்லிகையும் வியாழன் மாலையே வந்துவிடுமாம். விரல் வளையாத ஒரு பாட்டி பூவைக் காம்பு பார்த்து இரண்டிரண்டாக எடுத்து வைக்க, இன்னொருவர் தொடுக்கிறார். ஒருவருக்கு முடியாததை இன்னொருவர் முடித்துக் கொடுக்கிறார். வெள்ளி மாலை ஏழு மணி பூசைக்குச் சரம் போயாக வேண்டும் என்பதால் அவர்களுக்கு வியாழக்கிழமை என்பது நினைவில் நிற்கும் ஒரு நாளாக இருக்கிறது.

இதை நான் வெறும் பாசத்தால் சொல்லவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் நடத்தி 1976-ல் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் தங்கள் காரியங்களைத் தாங்களே முடிவு செய்துகொள்ளும்படி சொல்லி, பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே தண்ணீர் ஊற்றி வளர்க்கக் கொடுத்தார்கள். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது, ஆனால் அதைத் தாதியரே கவனித்துக்கொள்வர் என்று சொல்லப்பட்டது. சில வாரங்களில் முதல் தளத்தாரிடம் சுறுசுறுப்பும் கலகலப்பும் கூடியிருந்தன. அது சிறிய ஆய்வுதான். அதை வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் கீரைத் தட்டைச் சுற்றி நான் பார்த்ததற்கும் அந்தச் செடிக்கும் உள்ள உறவு தெளிவானது. பின்னாளில் நியூயார்க் மாநிலத்துப் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்குள் 1991-ல் பறவைகளையும் நாய்களையும் செடிகளையும் கொண்டுவந்த மருத்துவர் பில் தாமஸ், இத்தகைய இல்லங்களைப் பீடிப்பவை தனிமை, கையறுநிலை, சலிப்பு என்ற மூன்று என்றார். தனிமைக்குப் பெரிய இல்லத்தின் அட்டவணை ஓரளவு மருந்தாகிறது. கையறுநிலைக்கு அதனிடம் மருந்து இல்லை.

தாமான் வீட்டின் குறைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. அங்கே எல்லாமே அந்த அம்மாள் ஒருவரைச் சுற்றி நடக்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் பூவும் இல்லை, கீரையும் இல்லை, தொலைக்காட்சி மட்டுமே இருந்ததாம். ஆண்களுக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை. இரண்டு தாத்தாக்கள் முன்வாசல் கம்பிக் கதவை ஒட்டி நாற்காலி போட்டு, மின்னல் எஃப்எம் வானொலி கேட்டுக்கொண்டு, வரும் போகும் மோட்டார் சைக்கிளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டு வேலையை மட்டும் பொழுதாக்கும் வீடு ஆண்களை மறந்துவிடுகிறது. ஒரு காய்கறிப் பாத்தியோ, நாளிதழை உரக்கப் படித்துக்காட்டும் பொறுப்போ அவர்களுக்குப் போதும். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்த ஒருவர் பால் கணக்கு எழுதிய அதே ஒழுங்கோடு வீட்டுச் சாமான் கணக்கை எழுதமாட்டாரா? வாசலில் கால்வாய்ப் பலகை குறுகலாக இருந்ததால் சக்கர நாற்காலியில் இருப்பவர் கோயிலுக்குப் போக வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை என்பதையும் கண்டேன்.

மூன்றாவது வழி, வீட்டிலேயே தங்கிக்கொண்டு பகலில் மட்டும் போய் வரும் மையம். சமூகநலத் துறையின் ஆதரவில் இயங்கும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களை மக்கள் மலாய்ச் சுருக்கப் பெயரால் ‘பாவே’ என்றே சொல்கிறார்கள். அறுபது வயது நிரம்பியவர் சேரலாம். உடற்பயிற்சி, கைவினை, பாட்டு, மருத்துவப் பரிசோதனை என்று நடக்கின்றன. தன் வீட்டையும் தன் சாமி அறையையும் விட்டுவிடாமல் கூட்டத்தையும் பெறுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நடக்கத் தெம்பும், கொண்டுபோய் விட ஒருவரும், இரவில் வீட்டில் இன்னொருவரும் இருக்கும் முதியவருக்கு இப்போதே இல்லம் தேட வேண்டியதில்லை என்பேன். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மையம் கைகொடுக்காது. அத்தைக்கு இரவுத் துணை இல்லை. பிற்பகலில் வீடு திரும்பி, மறுநாள் காலை வரை சுவரைப் பார்த்திருக்கும் நேரத்துக்கு எந்தப் பகல் மையமும் பொறுப்பேற்க முடியாது.

எந்த இடத்தையும் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விழா நாளில் போகாதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சொல்லாமல் போய், உட்கார்ந்திருப்பவர்களின் கைகளைப் பாருங்கள். பணியாளர் ஒருவரிடம் யாரையேனும் காட்டி, “இவர் முன்பு என்ன வேலை செய்தார்?” என்று கேளுங்கள். பெரிய இல்லத்தில் நான் கேட்ட இருவருக்கும் விடை தெரியவில்லை. நோயின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது. தாமான் வீட்டு அம்மாளோ எந்தத் தாத்தா எந்தத் தோட்டத்தில் எத்தனையாம் நம்பர் நிரையில் மரம் வெட்டினார் என்பதுவரை சொன்னார்.

அத்தையை அந்த வீட்டில்தான் சேர்த்தோம். ஒரு சிக்கல் உடனே வந்தது. பிரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு அவருக்கு நாலரை மணிக்கு விழித்துக்கொள்கிறது. வீடோ ஆறரைக்குத்தான் எழுகிறது. பெரிய இல்லம் ஒன்றில் இதற்குத் தூக்க மாத்திரை தரலாம் என்று சொல்லியிருந்தார்கள். இந்த அம்மாள் யோசித்துவிட்டு, கேஸ் அடுப்பைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு மின்சாரக் கெண்டி ஒன்றைத் தாழ்வாரத்து மேசையில் வைத்தார். இப்போது ஐந்து மணிக்கு அங்கே விளக்கு எரிகிறது. அத்தை தண்ணீர் கொதிக்கவைத்து, ஒன்பது குவளையையும் துடைத்து வரிசையாக வைத்து, யாருக்குச் சீனி கூடாது என்பதை நினைவில் வைத்துத் தேத்தண்ணீர் கலக்கிவிடுகிறார். சீனப் பாட்டியும் சீக்கிரம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாராம். அந்த வீட்டில் கிடைக்காத இயன்முறைப் பயிற்சிக்காக மாதம் இரண்டு முறை அத்தையைக் காரில் ஈப்போவுக்குக் கூட்டிப் போகிறேன். திரும்பும் வழியில், வியாழக்கிழமையாக இருந்தால், வண்டியைச் சீக்கிரம் ஓட்டச் சொல்கிறார்.